பொறுக்க ஆளில்லாத பழம்

கரிசல் காட்டில் வெயிலுக்கும் உப்புக்கும் என்றும் குறைவில்லை. மரங்களும் இன்னும் மிச்சம் இருக்கின்றன. பிறகு ஏன் பழம் மண்ணோடு மண்ணாகப் போகிறது?

கோவில்பட்டிக்கு வரும் வெளியூர்க்காரர்கள் கடலைமிட்டாய் வாங்காமல் திரும்புவதில்லை. 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அதன் மவுசு இன்னும் கூடிவிட்டது. அதே ஊர்ப் பெட்டிக்கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் இன்னொரு பண்டத்துக்கு விளம்பரமும் கிடையாது, குறியீடும் கிடையாது. பழுப்பும் கறுப்புமாக, சாண வறட்டியைச் சுருக்கி வைத்தாற்போல இருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பதும் உண்டு. ஒரு துண்டை வாயில் போட்டால் புளிப்பு, உறைப்பு, இனிப்பு, உப்பு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கொட்டையை வெகுநேரம் நாக்கில் உருட்டிக்கொண்டே இருக்கலாம். இலந்தை வடை.

இந்த வடைக்கு மூலப்பொருள் தந்த மரத்தை யாரும் நட்டதில்லை. தண்ணீர் ஊற்றியதும் இல்லை. ஓடைக்கரை, வேலி, தரிசு என்று இடம் கிடைத்த பக்கமெல்லாம் காட்டிலந்தை தானாக முளைக்கும். மார்கழியில் பழுக்கத் தொடங்கி மாசி வரைக்கும் உதிரும். கொட்டை பெரிது, சதை கொஞ்சம். சந்தையில் பச்சையாகக் குவித்து விற்கிறார்களே, ஆப்பிள் இலந்தை, அதன் கால்வாசி கூட இருக்காது. ஆனால் மணம் இதற்குத்தான். உதிர்ந்த பழம் நாலு நாள் தாங்காது. புழு வைக்கும், அல்லது புளித்துப் போகும். ஒரே வாரத்தில் ஒரு குடும்பம் தின்று தீர்க்க முடியாத அளவு உதிர்ந்தும் விடும்.

அந்த மிச்சத்தைத்தான் உரலுக்குக் கொண்டுபோனார்கள். கனிந்த பழத்தைக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, உப்பும் மிளகாய் வத்தலும் பெருங்காயமும் சேர்த்து இடிப்பார்கள். சில வீடுகளில் வெல்லம் சேரும், சிலர் கொஞ்சம் புளியும் சேர்ப்பார்கள். கொட்டை லேசாக நசுங்கினால் போதும், மாவாகிவிடக் கூடாது. பிறகு உள்ளங்கையில் வைத்துத் தட்டி, ஓலைப்பாயில் பரப்பி, திருப்பித் திருப்பிக் காயவைத்தால் வடை தயார். டப்பாவில் போட்டு மூடினால் மாதக்கணக்கில் கெடாது. பள்ளிக்கூட வாசலில் விற்ற பாட்டிமார்களுக்கு முதல் போட்ட செலவு என்று பெரிதாக எதுவும் இருந்ததில்லை. உழைப்பு மட்டும் ஏராளம்.

உணவு விஞ்ஞானிகளிடம் கேட்டால் இதற்கு எளிமையான விளக்கம் சொல்வார்கள். பழத்தைக் கெடுக்கும் கிருமிகளுக்குத் தண்ணீர் வேண்டும். வெயில் அதை உறிஞ்சிவிடுகிறது. மிச்சமிருக்கும் ஈரத்தை உப்பும் வெல்லமும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பழத்தின் புளிப்பும் சேர்ந்து கிருமிகளை அண்டவிடாமல் செய்கிறது. காய்வதில் வைட்டமின் சி ஓரளவு போகத்தான் செய்யும். மண்ணில் கிடந்து அழுகினால் முழுதும் போகும்.

இந்த ஊரின் பெரிய முதலீடே வெயில்தான். கோவில்பட்டி வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 700 மில்லிமீட்டர் மழை பெய்யும். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலேயே தீர்ந்துவிடும். மானாவாரிப் பயிருக்காகவே 1901ல் இங்கே வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். நாட்டின் பழைய நிலையங்களில் அதுவும் ஒன்று. மழை இல்லாத அந்த வறட்சிதான் கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பக்கம் தீப்பெட்டித் தொழில் வேரூன்றுவதற்கும் வசதியாக இருந்தது. தீக்குச்சிக்கு ஆன வெயில் வத்தலுக்கும் ஆகும்.

மழைக்கு வருவதும் வெயிலுக்கு வருவதும்

கரிசல் சமையலறையின் கணக்கு கொஞ்சம் சிக்கலானது. மாசி, பங்குனியில் மிளகாயும் புளியும் வரும்போது வெயிலும் கூடவே வந்துவிடுகிறது. அவற்றில் பிரச்சினை இல்லை. மழையோடு வந்து மழையோடு போகிற காய்களைச் சேமிப்பதில்தான் சாமர்த்தியம் தேவைப்பட்டது.

மிதுக்கங்காயை எடுத்துக்கொள்ளுங்கள். சில ஊர்களில் சுக்காங்காய் என்பார்கள். பருத்திக்கும் கம்புக்கும் நடுவே களையாக ஓடுகிற கொடி. முட்டை வடிவில், கோடு போட்ட சின்னக் காய். விதைத்தவர் யாருமில்லாததால் அதற்கு உரிமையாளரும் இல்லை. களையெடுக்கப் போகிற பெண்கள் மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். காட்டுக்காரர் கேட்க மாட்டார். காயைக் கீறி, உப்புப் போட்ட மோரில் ஊறவைத்து, பகலில் வெளியே காயப்போட்டு, சாயங்காலம் திரும்பவும் மோர்ப் பானையில் போட்டு, மறுநாள் மறுபடியும் வெயிலுக்கு எடுத்து... மேகம் மூடிய நாளில் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால் வானத்தைப் பார்த்துக்கொண்டே செய்கிற வேலை இது. "மதினி, வத்தலை அள்ளியாச்சா? கெழக்க கருக்குது" என்று பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுப்பது அந்த மாதங்களில் தெருவில் சாதாரணம். எண்ணெயில் பொரித்தால் மோரின் புளிப்பும் காயின் கசப்பும் சேர்ந்து வரும். கம்மங்கூழுக்கு அதைவிடச் சிறந்த தொடுகறி எனக்குத் தெரிந்து இல்லை.

அதலைக்காய் இன்னும் அவசரக்காரன். பாகலின் உறவு. கரிசல் மண்ணுக்குள் கிழங்காகக் கிடந்து, மழை விழுந்ததும் கொடியாகக் கிளம்பும். பறித்த காய் ஓரிரு நாளிலேயே வெடித்து விதையைத் துப்பிவிடும். அதனால் தூரத்துச் சந்தைக்குப் போகவே போகாது. விருதுநகர், அருப்புக்கோட்டை, கோவில்பட்டிச் சந்தைகளைத் தாண்டினால் இந்தப் பெயரையே அறியாதவர்கள் அதிகம். அன்றைக்கே சமைக்க வேண்டும், இல்லையென்றால் அன்றைக்கே பங்கு வைக்க வேண்டும். மிஞ்சினால் வத்தல்.

கொடுக்காப்புளிக்கு இந்தப் பாக்கியமும் இல்லை. மெக்சிகோ பக்கமிருந்து வந்த மரம், முள் வேலிக்கென்று நட்டது, இப்போது இந்த மண்ணில் காசு பார்க்கிற தோப்பாகவும் வளர்கிறது. அதற்கென்றே பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி ஓர் ஒட்டு ரகமும் வெளியிட்டிருக்கிறது. ஆனால் அதைக் காயவைத்து வைக்கும் பழக்கம் நம்மிடம் பெரிதாக வளரவில்லை. தொரட்டியால் இழுத்து, பஸ் ஸ்டாண்டில் கூறு கட்டி, அன்றே விற்றாக வேண்டும். வேலியோரம் சொந்தமாக மரம் உள்ளவர் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: வருகிற போகிற பிள்ளைகளைப் பறித்துக்கொள்ள விடுவது. பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது.

ஆடு தின்றால் வீணா?

பழம் வீணாகிறது என்று பேச ஆரம்பித்தாலே நகரத்துப் புள்ளிவிவரங்கள் வந்து நிற்கும். உலகில் 2022ல் மட்டும் 105 கோடி டன் உணவு வீணானதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் சொல்கிறது. அதில் ஐந்தில் மூன்று பங்கு வீடுகளில். நபார்டின் ஆலோசனை நிறுவனம் 2022ல் முடித்த ஆய்வின்படி, நம் நாட்டில் அறுவடைக்குப் பின் பழங்களில் 6 முதல் 15 சதவீதம் வரை இழப்பு. அதிகம் போவது கொய்யா.

இந்தக் கணக்குகள் பொய் இல்லை. ஆனால் தோப்பு, மண்டி, லாரி, கடை என்ற பாதையில் போகிற பழத்தைத்தான் அவை எண்ணுகின்றன. வேலியோர இலந்தையும் ஓடைக்கரை நாவலும் அந்தப் பாதையில் ஏறுவதே இல்லை. எண்ணப்படாத பழம் வீணாவதையும் யாரும் எண்ணுவதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உதிர்ந்து கிடக்கிற இலந்தையை ஆடு தின்கிறது. சதையைத் தின்று, ராத்திரி அசைபோடும்போது கொட்டையைக் கிடையில் துப்புகிறது. கிடை போட்ட நிலத்துக்குப் புழுக்கை உரமாகிறது. மைனா போன்ற பறவைகளும் தங்கள் பங்குக்கு வருகின்றன. எல்லாவற்றையும் மனிதர் டப்பாவில் அடைத்தால்தான் சேமிப்பு என்று நினைப்பது பேராசை. கரிசல்காரர்கள் அப்படி நினைத்ததில்லை என்றே சொல்லலாம். எட்டுகிற கிளையில் இருப்பது பிள்ளைகளுக்கு, உலுக்கி விழுவது வீட்டுக்கு, தரையில் கிடப்பது ஆட்டுக்கு. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. நிலக்கடலை பிடுங்கிய காட்டில் மண்ணுக்குள் விடுபட்ட தப்புக்கடலையை யார் வேண்டுமானாலும் கிண்டிப் பொறுக்கலாம் என்பதும் இதே வகையைச் சேர்ந்த எழுதாத சட்டம்தான். நிலமில்லாத குடும்பத்துக்கு அது சில வாரச் சாப்பாடு.

எனவே கேள்வி பழம் மிஞ்சுவதைப் பற்றியது இல்லை. எடுக்கிற உரிமையும் எடுக்கிற கையும் எங்கே போயின என்பதுதான்.

உரிமை போன கதை

புளியமரத்தில் இது பளிச்சென்று தெரியும். சாலையோரப் புளியமரங்களின் மகசூல் ஆண்டுதோறும் ஏலம் போகும். நெடுஞ்சாலைத் துறை மரம், ஊராட்சி மரம், கண்மாய்க் கரை மரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர். ஏலம் எடுத்தவர் ஆள் வைத்து உலுக்குவார். அதுவரை யாரும் கை வைக்கக் கூடாது. அரசுக்கு வருமானம் வருகிற ஏற்பாடு, தவறில்லை. ஆனால் புளி விலை இறங்கிய ஆண்டில் ஏலம் கேட்க ஆள் வராவிட்டால், பழம் சாலையில் உதிர்ந்து லாரிச் சக்கரத்தில் நசுங்கும். எடுக்கலாமா கூடாதா என்று ஊராருக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் ஏழை கை நீட்ட மாட்டாள்.

மரங்களே குறைந்துவிட்டன என்பதும் உண்மை. மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் நெடுஞ்சாலை நான்கு வழியானபோது கோவில்பட்டி வழியாகப் போகிறவர்களுக்கு நிழல் தந்த புளியமரங்கள் வரிசை வரிசையாக வெட்டுப்பட்டன. பொதுநிலத்தில் மிச்சமிருந்த இடத்தைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. 2017ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவிட்டபோது ஊர் ஊராக எந்திரங்கள் இறங்கின. வெட்டிய இடத்தில் மறுபடியும் அதுவே முளைத்தது, ஏனென்றால் அந்த இடத்தில் இலந்தையோ நாவலோ வைக்க வேண்டும் என்று யாருக்கும் உத்தரவு இல்லை. உருளைக்குடிக் கண்மாயையும் அதன் கரை மரங்களையும் சுற்றிச் சோ.தர்மன் எழுதிய 'சூல்' நாவலுக்கு 2019ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. விருதைக் கொண்டாடிய நாம் கரையில் மரம் வைப்பதில் அவ்வளவு வேகம் காட்டவில்லை.

மிதுக்கங்காயை ஒழித்தது வேறு. பருத்தியும் கம்பும் இருந்த காடுகளில் மக்காச்சோளம் பரவியது. கூடவே களைக்கொல்லி. கைக்களை எடுக்கக் கூலி கட்டாது என்பது விவசாயியின் நியாயம். ஆனால் மருந்துக்குக் களை எது, கறி எது என்று தெரியாது. இப்போது விதையை வாங்கி மிதுக்கை பயிராகவே போடுகிறவர்கள் இருக்கிறார்கள், வத்தலுக்கு அவ்வளவு விலை. சும்மா கிடைத்தது காசு கொடுத்து விளைகிற பொருளாகியிருக்கிறது.

கை போன கதை

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பழைய காலத்தில் பழம் வீணாகவில்லை என்றால், அதற்கு விலை கொடுத்தவர்கள் பெண்களும் குழந்தைகளும். முள்ளில் கிழித்துக்கொண்டு பொறுக்கியதும், உரலில் இடித்ததும், மாசிப் பங்குனி வெயிலில் வத்தலுக்குக் காவல் இருந்ததும் கணக்கில் வராத உழைப்பு. இலந்தை பொறுக்கிய பிள்ளைகளில் பலர் பள்ளிக்கூடம் பார்க்காதவர்கள். பலர் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவர்கள். இன்றைக்கு அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் கோவில்பட்டியிலும் திருநெல்வேலியிலும் கல்லூரிக்குப் போகிறார்கள். அவர்களை மறுபடி ஓடைக்கரைக்கு அனுப்புவது எந்தச் சிக்கனமும் ஆகாது. பாட்டியின் கைமணத்தைப் புகழ்ந்து கட்டுரை எழுதுவது எளிது. பாட்டியின் இடுப்புவலியைப் பற்றி எழுதுவோர் குறைவு.

அப்படியானால் பொறுக்குவதற்குக் கூலி வேண்டும். கூலி கொடுக்கிற அளவுக்குப் பண்டத்துக்கு விலை வேண்டும். இங்கேதான் கடலைமிட்டாயின் கதை உதவும். கரிசல் கடலையும் வெல்லமும் சேர்ந்த ஒரு பெட்டிக்கடைப் பண்டம் ஊரின் அடையாளமாகி, தயாரிப்பாளர்கள் சங்கமாகச் சேர்ந்து விண்ணப்பித்து, குறியீடு வரைக்கும் வந்தது. இலந்தை வடைக்கு அப்படி ஒரு சங்கம் இல்லை. ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டில் தயாரித்தவர் பெயர் இல்லாமலும் தேதி இல்லாமலும் விற்கிறார்கள். தூசியும் ஈயும் மொய்க்கிற மொட்டைமாடியில் காய்ந்ததா, சுத்தமாகக் காய்ந்ததா என்று வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. சந்தேகம் இருக்கிற வரை விலை ஏறாது.

வசதிகள் இல்லாமலும் இல்லை. சிறு உணவுத் தொழில்களுக்காக 2020ல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் எந்திரச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம். மகளிர் குழு உறுப்பினருக்குத் தலைக்கு 40,000 ரூபாய் ஆரம்ப மூலதனம். வேளாண் பொறியியல் துறை சூரிய உலர்த்திக் கூடாரங்களுக்கு மானியம் தருகிறது. கூடாரத்துக்குள் வைத்தால் தூசி இல்லை, ஈ இல்லை, மிதுக்கை மார்கழியிலும் ஓரளவு நம்பிக் காயவைக்கலாம். மிளகாய்க்கு இது ஏற்கெனவே பயன்படுகிறது. ஆனால் மிளகாய் வருகிற சில மாதங்கள் போக மீதி நாளெல்லாம் கூடாரம் சும்மாதான் கிடக்கும். ஒரு குழு அதை மார்கழியில் மிதுக்குக்கும், தையில் இலந்தைக்கும், மாசியில் புளிக்கும், மழைக்காலத்தில் எலுமிச்சை வத்தலுக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தால் கடன் தவணை கட்டுவது சிரமமாக இராது. புளியங்குடி எலுமிச்சை மழைக்காலத்தில் விலை விழுந்து கிடக்கிறபோது, பக்கத்தில் இப்படி ஒரு கூடாரம் இருந்தால் மண்டியில் கொட்டுவதற்கு முன் ஒருமுறை யோசிக்கலாம்.

பங்கு பிரிக்கும் முறைக்கு வெளியிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். கனடாவின் டொராண்டோவில் 2008 முதல் 'நாட் ஃபார் ஃப்ரம் தி ட்ரீ' என்ற அமைப்பு, வீட்டுத் தோட்டங்களில் தேடுவாரற்று உதிரும் ஆப்பிளையும் செர்ரியையும் பறிக்கிறது. பறித்ததில் மூன்றில் ஒரு பங்கு மரக்காரருக்கு, ஒரு பங்கு பறித்தவர்களுக்கு, ஒரு பங்கு அன்னதானக் கூடங்களுக்கு. நம்மூர் வாரப் பங்கீட்டைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. யாழ்ப்பாணத்தில் பனம்பழக் களியைப் பாயில் படலம் படலமாக ஊற்றிக் காயவைத்துப் பனாட்டாக எடுத்து வைப்பார்கள். பனைக்கென்று இலங்கை அரசு 1978ல் ஒரு சபையே அமைத்தது. விளாத்திகுளம், வேம்பார்ப் பக்கம் பனை இருக்கிறது, கருப்பட்டிக்குப் பெயரும் இருக்கிறது. ஆவணியில் உதிரும் பனம்பழமோ பெரும்பாலும் கிழங்குக்குப் புதைப்பதோடு சரி, மீதி காட்டிலேயே வண்டு துளைக்கக் கிடக்கிறது. பனாட்டின் செய்முறையை இரண்டு கரைக்காரர்களும் உட்கார்ந்து பேசினால் ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொள்ளலாம்.

வாங்குகிற ஆளும் இருக்கிறார். கோவில்பட்டியில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறுகிறவர்களின் பைகளைப் பார்த்தால் போதும். சென்னையில் இருக்கும் மகனுக்கு, மகளுக்கு, பேரன் பேத்திக்கு என்று மிதுக்க வத்தலும் கொட்டை நீக்கிய புளியும் பழைய துணியில் சுற்றிப் போய்க்கொண்டிருக்கின்றன. ஊரில் அம்மா இருக்கும் வரை பையில் வரும். அதற்குப் பிறகு அதையே காசு கொடுத்து வாங்கத் தயாராக இருக்கும் ஒரு தலைமுறை சென்னை, பெங்களூர் அடுக்குமாடிகளில் இருக்கிறது. மகளிர் குழுக்களின் 'மதி' அங்காடிகள் மாவட்டந்தோறும் உண்டு. தயாரித்தவர் பெயரும் தேதியும் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணும் அச்சிட்ட ஒரு பாக்கெட், இதே வடையை வேறு விலைக்குக் கொண்டுபோகும்.

இதிலெல்லாம் முதலில் தீர்க்க வேண்டியது மரத்தின் மீதான உரிமைதான், அதற்குப் பணமும் தேவையில்லை. நாற்பது ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. ஊராட்சிப் புறம்போக்கு மரங்கள் ஊராட்சியின் கையில். மகசூல் ஏல அறிவிப்பில் இரண்டு வரி சேர்த்தால் போதும்: ஏலம் போகாத மரத்தின் பழத்தை ஊர் மகளிர் குழு எடுத்துக்கொள்ளலாம், ஏலம் போன மரத்திலும், ஏலதாரர் உலுக்கி முடித்த பின் தரையில் கிடப்பது பொறுக்குகிறவருக்கு. ஏலதாரர்கள் ஆட்சேபிப்பார்கள். அவர்கள் உலுக்கி முடிக்க ஒரு கெடுத் தேதி வைத்தால் அந்த ஆட்சேபணையும் நிற்காது. ஏலத் தொகை கொஞ்சம் குறையலாம் என்று ஊராட்சிச் செயலர் கவலைப்படுவார். அதைக் கிராமசபையில் வைத்துப் பேசட்டும்.

ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள் நடக்கின்றன. அதில் ஜனவரி 26ஆம் தேதிக் கூட்டம் இலந்தை உதிர்ந்துகொண்டிருக்கும் போது, புளி உலுக்குவதற்குச் சில வாரம் முன்னால் வருகிறது. அடுத்த கூட்டமான மார்ச் 22க்கு ஒத்திப்போட்டால் பாதிப் புளி இறங்கியிருக்கும்.